5,500 வீடும் 3 வீடும்!

கணக்கு ஒன்று கேட்கிறேன், தோழனே! பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்குத்தான். ஒரு கம்பெனி, தன் தொழிலாளருக்கு 5,500 வீடு கட்டித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. கெடு ஐந்தாண்டு. கெடு முடிந்த நாளிலே எழுந்து நின்ற வீடுகள் மூன்று. ஆம், மூன்றே மூன்று! அவையும் 'இப்படித்தான் கட்டப் போகிறோம்' என்று காட்டுவதற்காகக் கட்டிய மாதிரி வீடுகள். பாக்கி எவ்வளவு?

5,497 என்பாய். ஏட்டுக் கணக்குப்படி சரி. ஆனால் பாக்கி என்று ஒன்று இருந்தால், வட்டி என்று ஒன்றும் இருக்குமல்லவா? அந்த வட்டி 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பிற்பகலில் வசூலானது. கட்டியவர்கள் கம்பெனி டைரக்டர்கள் அல்ல. 34 சுரங்கத் தொழிலாளர்கள். பணத்தால் அல்ல, உயிரால் கட்டினார்கள்!

இடம் தென்னாப்பிரிக்கா. ரஸ்டன்பர்க் நகரை அடுத்த மரிக்கானா. மண்ணுக்கு மேலே முள்ளும் புதரும். மண்ணுக்குக் கீழே பிளாட்டினம். சீமாட்டியின் விரலுக்கு மோதிரமாவதும் அதுவே. மோட்டார் காரின் புகைக்குழாயில் அமர்ந்து நச்சுப் புகையை முறிப்பதும் அதுவே. உலகத்துப் பிளாட்டினத்திலே பெரும்பகுதி தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்துதான் வருகிறது. ஐரோப்பிய நகரத்துக் காற்று தூய்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக, ஆப்பிரிக்கத் தொழிலாளி பாறைக்கு அடியிலே படுத்துத் துளைபோடுகிறான்.

சுரங்கத்தின் உடைமையாளர் அன்று லோன்மின் கம்பெனி. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டது. 1909இல் லண்டன், ரொடீஷியா என்ற இரு பெயரையும் ஒட்டவைத்துப் பிறந்து, லோன்ரோ என்று வளர்ந்து, பிறகு லோன்மின் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி. 1973இல் லோன்ரோவின் போக்கைக் கண்டு, முதலாளித்துவத்தின் ஏற்கத்தகாத அருவருப்பான முகம் இது என்று பாராளுமன்றத்திலே சாடினார் ஒருவர். யார் அவர்? பொதுவுடைமைவாதியா? தொழிற்சங்கத் தலைவரா? இல்லை, தோழனே! கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் எட்வர்ட் ஹீத்! முதலாளிகளின் நண்பருக்கே முகம் சுளித்தது.

ஏட்டுச் சுரைக்காய்

இப்போதெல்லாம் சுரங்கக் கம்பெனிகள் மனித உரிமை பேசுகின்றன. பேசட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு அறிக்கை வெளியிடுகின்றன. வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படம், புன்னகை பூக்கும் தொழிலாளி, பள்ளிக்குச் செல்லும் சிறுமி! 'எம் சுரங்கம் எங்கிருந்தாலும் அங்கெல்லாம் மனித உரிமையைப் போற்றுகிறோம்' என்று முதற்பக்கத்திலே முழக்கம்.

2011 ஜூன் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழுவே இதற்கு ஓர் இலக்கணம் வகுத்து ஏற்றது. ஜான் ரக்கி என்னும் பேராசிரியர் ஆக்கித் தந்த 31 நெறிகள் அவை. சாறு பிழிந்தால் மூன்று சொல்: காப்பது அரசின் கடமை, மதிப்பது கம்பெனியின் கடமை, பாதிக்கப்பட்டவனுக்குப் பரிகாரம் கிடைத்தாகவேண்டும். நல்ல நெறி, நாமும் கைதட்டி வரவேற்கத்தக்க நெறி. அந்த மை உலர்ந்து 14 மாதம் ஆவதற்குள் மரிக்கானாவில் 34 பிணங்கள்! காக்கவேண்டிய அரசு சுட்டது. மதிக்கவேண்டிய கம்பெனி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பரிகாரமோ பல ஆண்டு கடந்தும் நீதிமன்றப் படிகளிலே காத்துக் கிடந்தது.

ஏன் இப்படி? நெறியிலே குறையா? இல்லை. அறிக்கை எழுதும் கை வேறு, சம்பளப் பட்டுவாடா செய்யும் கை வேறு. இதுதான் காரணம். இதை விளக்கவே அந்த வீட்டுக் கணக்குக்குத் திரும்பவும் வருகிறேன்.

பிச்சை அல்ல, சட்டம்!

5,500 வீடு என்பது கம்பெனி கருணை கூர்ந்து அறிவித்த தர்மம் என்று எண்ணிவிடாதே. 2002இல் தென்னாப்பிரிக்கா ஒரு கனிமச் சட்டம் செய்தது. மண்ணுக்கடியில் உள்ள செல்வம் மக்களுடையது; அரசு அதற்குக் காவலன்; தோண்ட விரும்பும் கம்பெனி, தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் என்ன செய்யப்போகிறது என்பதை எழுதிக் கொடுத்தாகவேண்டும் என்றது அந்தச் சட்டம். எழுதிக் கொடுத்ததைச் செய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கவும், பறிக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. அப்படி எழுதிக் கொடுத்த திட்டத்திலேதான் லோன்மின் சொன்னது: 2011க்குள் 5,500 வீடு, தொழிலாளர் அடைந்துகிடக்கும் 114 கொட்டடி விடுதிகளையும் மனிதர் வாழத்தக்க குடியிருப்பாக மாற்றுவது.

கொட்டடி மாற்றும் வேலை ஓரளவு நடந்தது, அதை மறைக்கமாட்டோம். வீடு? மூன்று! கேட்டபோது கம்பெனி சொன்ன சமாதானம்: 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, பிளாட்டினம் விலை விழுந்தது, தொழிலாளரும் கடன்பட்டு வீடு வாங்க விரும்பவில்லை.

பணமில்லை என்கிறது கம்பெனி. சரி, பணம் எங்கே போயிற்று? வீடுகளுக்கு ஆகியிருக்கக்கூடிய மொத்தச் செலவு 66½ கோடி ராண்டு. ராண்டு என்பது அந்நாட்டு நாணயம். 2007 முதல் 2011 வரை பங்குதாரருக்குக் கம்பெனி பங்காதாயமாக வாரிக்கொடுத்ததோ 60 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல்! அன்றைய மாற்று மதிப்பில் ஒரு டாலருக்கு ஏழெட்டு ராண்டு என்று போட்டால், வீட்டுச் செலவைப்போல ஆறு மடங்குக்கும் மேலே! தொழிலாளிக்குக் கூரை போடும்போது பஞ்சம். பங்குதாரருக்குப் பந்தி போடும்போது பெருவிருந்து. பணம் இல்லாமல் வீடு நிற்கவில்லை, தோழனே. மனம் இல்லாமல் நின்றது!

அமைச்சரகம் என்ன செய்தது? உரிமத்தை நிறுத்தியதா? ஓலை அனுப்பி மிரட்டவாவது செய்ததா? சட்டப் புத்தகத்திலே பல் இருந்தது. கடிக்கத்தான் வாய் திறக்கவில்லை. விளைவு, தொழிலாளர் சுரங்கத்தைச் சுற்றித் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். குழாய் நீர் இல்லை; சாக்கடை வசதி இல்லை. படுகொலை நடந்த அதே வாரத்திலே, மாதாகோயில்களின் துணையோடு இயங்கும் பெஞ்ச் மார்க்ஸ் அறநிலையம் பிளாட்டினச் சுரங்க வட்டாரத்தின் அவலத்தை அறிக்கையாக வெளியிட்டு எச்சரித்தது. கேட்பார் இல்லை.

கொட்டடி நமக்குப் புதிதா?

எங்கோ இருக்கும் ஆப்பிரிக்கக் கொட்டடியைப் பற்றி நமக்கென்ன என்று கேட்போர் இருக்கக்கூடும். அந்தக் கொட்டடியிலே தமிழன் பட்ட அடியின் தழும்பும் இருக்கிறது!

கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் 1885 முதலே, தொழிலாளரை மதிலுக்குள் அடைத்துவைத்து வேலை வாங்கும் முறை வேரூன்றியது. 1913இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. கறுப்பர்கள் நாட்டின் மிகச் சிறிய பகுதியைத் தவிர வேறெங்கும் நிலம் வாங்கமுடியாது என்றாக்கியது. நிலமற்றவன் எங்கே போவான்? சுரங்கத்துக்குப் போனான். மனைவி மக்கள் ஊரிலே, அவன் கொட்டடியிலே.

அதே 1913இல், நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களிலே ஒப்பந்தக் கூலிகளாக வதைபட்ட இந்தியர்கள் — அவர்களிலே தமிழர் ஏராளம் — 3 பவுன் தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்தினர். அவர்களைத் தட்டி எழுப்ப நியூகாசில் சுரங்கப் பகுதிக்குச் சென்றவர்கள் யார்? டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து சென்ற தமிழ்ப் பெண்கள்! தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் உயிர் நீத்தாளே, அதே போராட்டம். வெள்ளை அரசு என்ன செய்தது? சுரங்கக் கொட்டடிகளையே சிறைச்சாலை என்று அறிவித்தது. சுரங்க மேஸ்திரிகளையே சிறைக்காவலர் ஆக்கியது! கம்பெனியும் அரசும் ஒரே சாவிக்கொத்தை இரு கையால் பிடித்துக்கொண்டு நின்றன. நூறாண்டு ஓடியது, நிறவெறி ஆட்சி 1994இல் வீழ்ந்தது, நிற பேதமற்ற வாக்குரிமை வந்தது. ஆனால் அந்தச் சாவிக்கொத்து? அதைத்தான் மரிக்கானாவிலே காணப் போகிறோம்.

குன்றின்மேல் கூடியவர்

பாறை துளைக்கும் தொழிலாளர் கேட்டது மாதம் 12,500 ராண்டு. தங்கள் கைக்கு வந்துசேருவது அதில் பாதிகூட இல்லை என்றார்கள். அவர்கள் சார்ந்திருந்த பழைய சங்கம் அவர்களுக்காகப் பேச முன்வரவில்லை. சங்கத்தைத் தாண்டித் தாமே கேட்டார்கள். 'சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது. உங்களோடு பேசமாட்டோம்' என்றது நிர்வாகம். ஆகஸ்டு 10இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுரங்கத்தை அடுத்த பாறைக் குன்றொன்றில் மூவாயிரம் பேர்வரை கூடி அமர்ந்தனர். அவர்களுக்காகப் பேசியவர்களுள் முன்னின்றவர் பச்சைப் போர்வை போர்த்திய முப்பது வயது இளைஞர். அவர்கள் விடுத்த கோரிக்கை மிக எளியது: 'நிர்வாகத்தார் இங்கே வந்து எங்களோடு பேசட்டும்.'

உண்மையை முழுதும் சொல்வோம். அந்த ஒரு வாரத்திலே குன்றைச் சுற்றிப் பத்துப் பேர் மாண்டனர். காவலாளிகள் இருவர், போலீசார் இருவர், வேலைக்குச் சென்ற தொழிலாளர், போலீசார் சுட்டதில் விழுந்த வேலைநிறுத்தக்காரர் என்று இரு பக்கமும் இரத்தம் சிந்தியது. தொழிலாளி கையில் படிந்த இரத்தத்தைச் சந்தனம் என்று சொல்லமாட்டோம். ஆனால் எரிகிற வீட்டிலே முதலில் நீர் ஊற்றவேண்டியவன் வீட்டுக்காரனல்லவா? பேசவேண்டிய நிர்வாகம் பேசவில்லை. பாதுகாப்புத் தரமுடியாது என்று தெரிந்தும், வேலைநிறுத்தம் செய்யாதவர்களை வேலைக்கு வா என்று அழைத்தது.

ஆகஸ்டு 16. புதிய சங்கத்தின் தலைவர் ஜோசப் மாத்துஞ்சுவா குன்றடியில் மண்டியிட்டு, 'கலைந்து செல்லுங்கள், கொன்றுவிடுவார்கள்' என்று கெஞ்சினார். அன்று காலையிலேயே பிணவண்டிகளுக்குப் போலீசார் சொல்லியனுப்பியிருந்தனர் என்ற சேதி பின்னால் விசாரணையிலே வெளிவந்தது. பிற்பகல் நான்கு மணி அளவில், தானியங்கித் துப்பாக்கிகள் முழங்கின. முதல் இடத்தில் 17 பேர். அது தொலைக்காட்சிக் காமிராக்களின் எதிரே, உலகமே கண்டது. சற்றுத் தொலைவில், காமிரா எட்டாத பாறை இடுக்குகளிலே, ஓடி ஒளிந்தவர்களில் இன்னும் 17 பேர். மொத்தம் 34! காயம் பட்டோர் 78. பச்சைப் போர்வைக்காரரும் பிணமானார்.

கேட்டது கூலி, கிடைத்தது குண்டு!

அதோடு முடிந்ததா? பிடிபட்ட 270 தொழிலாளர்மீது ஆகஸ்டு 30இல் வழக்குப் போட்டார்கள். என்ன வழக்கு தெரியுமா? கொலை வழக்கு! போலீசார் சுட்டதில் செத்த தங்கள் தோழர்களைத் தாங்களே கொன்றதாக! நிறவெறி ஆட்சிக் காலத்தில் எதிரிகளை ஒழிக்கப் பயன்பட்ட 'பொது நோக்கம்' என்ற சட்டக் கோட்பாட்டைத் தூசுதட்டி எடுத்தார்கள். நாடே காறித் துப்பியது. செப்டம்பர் 2இல் வழக்கு விலக்கப்பட்டது.

நாற்காலி மாறினால்

இன்னொரு பாத்திரத்தையும் காட்டாவிட்டால் நாடகம் நிறைவுபெறாது. சிரில் ராமபோசா — 1982இல் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்து, அதன் முதல் பொதுச் செயலாளராகி, 1987இல் வரலாறு காணாத சுரங்க வேலைநிறுத்தத்தை நடத்திய தளபதி. 2012இல் அவர் எங்கே இருந்தார்? லோன்மின் டைரக்டர் நாற்காலியிலே! ஆகஸ்டு 15இல் அவர் அனுப்பிய மின்னஞ்சல், 'இது தொழில் தகராறு அல்ல, கொடிய குற்றச் செயல். அதற்கேற்ற நடவடிக்கை வேண்டும்' என்ற பொருளில் அமைந்திருந்தது. படுகொலைக்கு அவர் பொறுப்பல்லர் என்று விசாரணைக் கமிஷன் கூறியது. 2017இல், தாம் பயன்படுத்திய சொற்களுக்காக அவரே வருத்தம் தெரிவித்தார். 2018இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். தனி மனிதரைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து உரிமையை ஒப்படைக்காதே, அமைப்பைப் பார் என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல மனிதரைக் கம்பெனியின் நிர்வாகக் குழுவிலே உட்காரவைத்துவிட்டால் மனித உரிமை வந்துவிடும் என்பார்கள். நாற்காலி மனிதனை மாற்றுமா, மனிதன் நாற்காலியை மாற்றுவானா? மரிக்கானா பதில் சொல்லிவிட்டது.

ஓய்வுபெற்ற நீதிபதி இயன் ஃபார்லம் தலைமையில் கமிஷன் விசாரித்தது. 2015 ஜூனில் அறிக்கை வெளிவந்தது. தகராறைத் தீர்க்க லோன்மின் தன்னால் இயன்றதைச் செய்யவில்லை. வீடு கட்டித்தரும் கடமையில் தவறியது. அந்தத் தவறு கொந்தளிப்புக்கு ஏற்ற சூழலை உண்டாக்கியது என்று எழுதியது. கம்பெனியைக் கடமை செய்யவைக்கத் தவறிய கனிம வளத் துறையையும் சுட்டிக்காட்டியது. துப்பாக்கிக் குண்டுக்கும் கட்டப்படாத வீட்டுக்கும் முடிச்சுப் போட்டது நாமல்ல, நீதிபதி!

ஆனால், பத்தாண்டு கழிந்து 2022 பிறந்தபோதும், அந்த 34 உயிருக்காகப் போலீசார் ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. 2019இல் லோன்மின் என்ற பெயரே மறைந்தது. சிபான்யே-ஸ்டில்வாட்டர் என்ற கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. பெயரை அழிப்பது எளிது. தாலியிழந்தவளின் கண்ணீரை அழிக்க முடியுமா?

எது உரிமையைக் காத்தது?

அப்படியானால் சுரங்கத்திலே மனித உரிமை என்பதே பொய்யா? இல்லை, தோழனே! அங்கேயே, அதே தென்னாப்பிரிக்காவிலேயே, உரிமை வென்றதும் உண்டு. எங்கே வென்றது என்று பார்.

மரிக்கானாவில் குண்டுக்குப் பிறகும் குன்று கலையவில்லை. செப்டம்பர் 18இல் 11 முதல் 22 விழுக்காடு வரை கூலி உயர்வும், 2,000 ராண்டு தொகையும் பெற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். 2014இல் மூன்று பெரிய பிளாட்டினக் கம்பெனிகளை எதிர்த்து, ஏறத்தாழ 70,000 தொழிலாளர் ஐந்து மாதம் வேலையை நிறுத்தினர். அடுப்பு அணைந்தது, உறுதி அணையவில்லை. கடைநிலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தில் ஆயிரம் ராண்டு உயர்வு கிடைத்தது. மரிக்கானாவின் பெண்களோ 'சிக்கலா சொங்க்கே' — சேர்ந்தழுகிறோம் என்று பொருள் — என்ற சங்கம் அமைத்தனர். லோன்மினுக்குப் பணம் கொடுத்த உலக வங்கிக் குழுமத்தின் கதவையே 2015இல் போய்த் தட்டினர். 'எங்கள் வாழ்வை உயர்த்துவதாகச் சொல்லித்தானே பணம் கொடுத்தாய்? எங்கே அந்த உயர்வு?' என்று கேட்டனர்.

தங்கச் சுரங்கத்தின் கதையையும் கேள். பாறைத் தூள் நுரையீரலிலே படிந்து, மூச்சைத் திணறடித்துக் கொல்லும் நோய் சிலிகோசிஸ். தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் இருமி இருமி மாண்டனர். ஒரு தொழிலாளி வழக்குத் தொடுத்தார். கம்பெனியை நேரடியாக நட்டஈடு கேட்டு வழக்காடும் உரிமை அவனுக்கு உண்டு என்று 2011 மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. சில நாள்களுக்கு முன்புதான் இறந்துபோனார். ஆனால் அவர் திறந்த கதவு வழியே ஆயிரமாயிரம் பேர் நுழைந்தனர். 2018இல் தங்கக் கம்பெனிகள் ஆறு சேர்ந்து 500 கோடி ராண்டு அளவுக்கு உடன்பாடு செய்துகொண்டன. 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. அதுவரை எத்தனை எத்தனை அறிக்கைகள் அச்சாகியிருக்கும்! இருமல் நின்றதா? வழக்கு மன்றத்திலே கூண்டு ஏற்றிய பிறகுதான் பெட்டி திறந்தது.

ஆகவே, ஒரு கம்பெனி மனித உரிமையைப் போற்றுகிறதா என்று அறிய அதன் அறிக்கையைப் புரட்டாதே. நான்கு கேள்வி கேள். கொடுத்த வாக்கைக் கணக்குப் பார்ப்பவன் யார், கம்பெனியின் குமாஸ்தாவா, வெளியாளா? வாக்குத் தவறினால் தண்டிப்பவன் யார்? தொழிலாளி வாய் திறந்தால் எதிரே வருவது நிர்வாகியா, போலீசா? பாதிக்கப்பட்டவன் நீதிமன்றப் படி ஏற வழி உண்டா? நான்குக்கும் நேரான பதில் இருந்தால், அறிக்கையே இல்லாவிட்டாலும் அங்கே உரிமை வாழும். பதில் இல்லையேல், ஆயிரம் பக்கம் அச்சடித்தாலும் அது ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது!

அறிக்கைகள் வேண்டாமென்று சொல்லவில்லை. இன்னும் எழுதட்டும், இன்னும் தெளிவாக, இன்னும் விளக்கமாக எழுதட்டும்! எழுதிக் கொடுத்த காரணத்தால்தானே 5,500 என்ற எண் அம்பலத்துக்கு வந்தது? எழுதாமல் விட்டிருந்தால் நீதிபதி எதைக் காட்டிக் கேட்டிருப்பார்? அவன் எழுதியதை நீ படி. நாளைக் குறித்துவை. எண்ணைக் குறித்துவை. கெடு முடிந்த மறுநாள், சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணிப் பார். முதலாளியின் கையெழுத்துக்குக் காவல் அவன் மனச்சாட்சி அல்ல. எண்ணத் தெரிந்த தொழிலாளியும், அவன் தோளோடு தோள் நிற்கும் சங்கமும்தான்!

மரிக்கானாக் குன்றில் விழுந்தவர்கள் விட்டுச்சென்ற பாடம் இது ஒன்றே: எண்ணத் தவறாதே! அவர்கள் காலத்திலே யாரும் எண்ணவில்லை. அதனால்தான் வீடுகள் மூன்றோடு நின்றன. பிணங்கள் முப்பத்து நான்குவரை போயின!